அந்தோனியாரும் ஒரு சைக்கிளும்

மாத்தளை மாவட்டத்திலே, கலேவெலைக்கு அண்மையில் உள்ளது எங்கள் வஹகோட்டை. கண்டி மன்னரின் ஆட்சியில் குடியமர்ந்த போர்த்துக்கேயர் வழிவந்த கத்தோலிக்கரால் பெயர் பெற்ற ஊர். இங்குள்ள புனித அந்தோனியார் கோவிலை நாடி ஆனி மாதத் திருவிழாவுக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் அடியார்கள் வருவர். காணாமற் போன பொருளைக் கண்டெடுத்துத் தருபவர் அந்தோனியார் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. அவருடைய சங்கீதப் புத்தகத்தைத் திருடிச் சென்ற இளந்துறவி ஒருவன், அவர் செய்த மன்றாட்டின் பயனாக மனம் மாறி, தானே அதைத் திருப்பிக் கொணர்ந்தான் என்பது மரபுக் கதை.

அத்தகைய ஊரிலே வளர்ந்த என் மருமகன், சென்ற மாதம் கொழும்புக்குப் புறப்பட்டான். உணவுப் பொதிகளை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வேலை. மோட்டார் சைக்கிள் வாங்க வசதியில்லை; 2022இன் எரிபொருள் பஞ்சத்தின்போது வாங்கிய சைக்கிள் ஒன்றுதான் அவன் மூலதனம். புறப்படுமுன் என்னிடம் கேட்டான்:

“மாமா, கொழும்பிலே சைக்கிள் களவு போகுமாமே. காப்புறுதி செய்துவிட்டுப் போகவா?”

சிறிய கேள்விதான். ஆயினும் அதற்கு விடை கூற எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

முதலில் கணக்கைப் பார்த்தேன். விளங்குவதற்காக ஓர் உதாரணம் கொள்வோம். சைக்கிளின் பெறுமதி 60,000 ரூபாய். ஆண்டுக் கட்டணம் 4,000 ரூபாய். பதினைந்து ஆண்டுகள் கட்டினால் ஒரு சைக்கிளின் விலை போய்விடும். ஆண்டுதோறும் பதினைந்து சைக்கிள்களுள் ஒன்று களவு போனால்தான் கொடுத்ததும் பெற்றதும் சரியாகும். நிறுவனத்தின் செலவும் இலாபமும் அக்கட்டணத்திலேயே அடங்கியிருப்பதால், கட்டுகின்றவர் கூட்டம் மொத்தத்தில் கொடுத்ததிலும் குறைவாகவே பெறும். அன்றியும், இழப்பீட்டில் தேய்மானம் கழிக்கப்படலாம். இழப்பின் முதற்பகுதியை நாமே சுமக்க வேண்டியும் வரலாம்.

அப்படியானால் காப்புறுதி வீண்தானா? அன்று. அது இலாபம் தேடும் வழியன்று. தாங்கவொண்ணாத இழப்பைத் தாங்கக்கூடிய சிறு செலவாக மாற்றிக்கொள்ளும் வழி. எனவே, பொருளின் விலையை மட்டும் கேட்டால் போதாது. அது போனால் அதனோடு வேறு எவையெல்லாம் போகும் என்றும் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் பெறும் என் போன்ற ஆசிரியனின் சைக்கிள் போனால் சில நாள் நடப்பேன். என் மருமகனின் சைக்கிள் போனாலோ, அன்றைய சோறே போய்விடும்.

இதை எண்ணும்போது, இத்தாலிய நெறியாளர் விற்றோரியோ டி சிக்கா 1948இல் எடுத்த ‘சைக்கிள் திருடர்கள்’ படம் நினைவுக்கு வருகின்றது. போருக்குப் பின்னான ரோம் நகரம். சுவரொட்டி ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் கட்டாயம். படுக்கை விரிப்புகளை அடகு வைத்துச் சைக்கிளை மீட்கிறார்கள் கணவனும் மனைவியும். முதல் நாளிலேயே அது களவு போகின்றது. பொலிசார் முறைப்பாட்டை எழுதிக்கொண்டு, தேடுவதை அவனிடமே விட்டுவிடுகின்றனர். மகனின் கையைப் பிடித்துக்கொண்டு நகரமெல்லாம் அலைந்தவன், முடிவில் தானே ஒரு சைக்கிளைத் திருடி, மகன் கண்முன் பிடிபட்டு அவமானப்படுகிறான். அவன் பெயரும் அந்தோனியோ! எங்கள் ஊர்க் கதையில் திருடன் நல்லவனானான்; இந்தக் கதையில் நல்லவன் திருடனானான். ஒரு சைக்கிளின் இழப்பு மனிதனை எதுவரை தள்ளும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே, காப்புறுதி செய்வதென்றே தீர்மானித்து நானும் மருமகனும் ஓர் அலுவலகத்துக்குச் சென்றோம். அங்கேதான் இரண்டாம் பாடம் கிடைத்தது. அவர்கள் காட்டியது வீட்டுப் பொருள்களுக்கான பத்திரம். அதனுள் சைக்கிளும் ஓர் உருப்படி. வீட்டு வளவுக்குள் களவு போனால் பணம் உண்டு. தெருவில் நிறுத்திய இடத்தில் போனால் இல்லை. கூலி வேலைக்குப் பயன்படுத்தும் சைக்கிளுக்கு அறவே இல்லை. எவனுக்கு மிகவும் தேவையோ, அவனையே அந்தப் பத்திரம் வெளியே நிறுத்தியிருந்தது. சிறிய எழுத்துகளை வாசியாமல் கையொப்பமிட்டிருந்தால், வெறுங் காகிதத்தை நம்பிக் கொழும்புக்குப் போயிருப்பான்.

திரும்பி வரும் வழியில் எங்கள் கிராமங்களின் மரணாதாரச் சங்கம் என் நினைவுக்கு வந்தது. மாதந்தோறும் ஆளுக்குச் சிறு தொகை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் எல்லாருடைய பணமும் அந்த வீட்டுக்கு. பலர் கூடி ஒருவனது இழப்பைச் சுமப்பதுதானே காப்புறுதியின் வேர்? பதினேழாம் நூற்றாண்டில் லண்டனிலே எட்வர்ட் லொயிட் என்பாரின் காப்பிக் கடையில் கூடிய வணிகர், கடலில் மூழ்கக்கூடிய கப்பல்களின் நட்டத்தைத் தம்முள் பங்கிட்டுக்கொண்டதும் இதே தத்துவத்தால்தான்.

இதை மருமகனிடம் கூறினேன். கொழும்பில் அவனுடன் ஒரே அறையில் தங்கும் நால்வரும் அதே தொழிலினர். ஐவரும் மாதம் ஆயிரம் ரூபாய் வீதம் போட்டால், ஓர் ஆண்டில் 60,000 ரூபாய். ஒரு சைக்கிளின் விலை. “முதல் மாதமே இரண்டு களவு போனால்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஐவர் சேர்ந்த சங்கத்தின் பலவீனம் அதுவே. ஆயிரம் பேர் சேர்ந்தால் அது நீங்கும். பெரிய நிறுவனங்களுக்கு உள்ள ஒரே சிறப்பும் அந்த எண்ணிக்கைதான். இவ்வாறு உழைப்போருக்கென ஒரு பத்திரத்தை அவை எழுத முன்வருமானால், என் மருமகனே முதலில் கையொப்பமிடுவான்.

அதுவரை செய்யத்தக்கவற்றைச் செய்தோம். கனத்த பூட்டு ஒன்று வாங்கினோம். சக்கரத்தை மட்டும் பூட்டாமல், சட்டத்தையும் சேர்த்து அசையாத கம்பத்தோடு பூட்ட வேண்டும் என்று காட்டிக்கொடுத்தேன். மிதியச்சின் அடியில் பொறித்திருந்த சட்ட இலக்கத்தையும் கடை ரசீதையும் குறிப்புப் புத்தகத்தில் சேர்த்துவைத்தோம். முறைப்பாடு செய்ய நேர்ந்தால், சைக்கிள் தன்னுடையது என்று மெய்ப்பிக்க வேறு வழியில்லை.

புறப்படும் அன்று என் தமக்கை அவனைக் கோவிலுக்கு அழைத்துச் சென்று மெழுகுதிரி ஏற்றினாள். வெளியே வந்தவன், முன்றிலில் நிறுத்தியிருந்த சைக்கிளின் பூட்டைத் திறந்தான். எங்கள் கோவில் வாசலில் அவன் சைக்கிளைப் பூட்டியது அதுவே முதல் தடவை. எனக்குச் சற்று வருத்தந்தான். ஆயினும், அந்தோனியார் அதைக் குற்றமாகக் கொண்டிருக்க மாட்டார்.