துறைமுகத்தில் ஒரு கழுதைக் கொக்கு!

கொழும்பில் முகத்துவாரம் கரையில் நின்று துறைமுகப் பக்கம் பாருங்கள். கப்பலிலிருந்து கொள்கலன்களை அலாக்காகத் தூக்கி இறக்கும் இராட்சத இரும்புக் கால்கள்! பெயர், கேன்ட்ரி கிரேன். அந்தப் பெயருக்குள் ஒரு கழுதையும் ஒரு கொக்கும் ஒளிந்திருப்பது தெரியுமா?

கொக்கு சுலபமாக அகப்பட்டுவிடும். ஆங்கிலத்தில் கிரேன் என்பது நெடுங்கழுத்துப் பறவை. பழைய கிரேக்கரும் பறவை, பாரந்தூக்கி இரண்டையும் ‘கெரானோஸ்’ என்றே அழைத்தார்கள்.

கழுதைதான் ஊரெல்லாம் சுற்றி வந்திருக்கிறது! கிரேக்கத்தில் பொதி சுமக்கும் கழுதை ‘கந்தேலியோஸ்’. லத்தீனுக்குப் போய் ‘கந்தேரியுஸ்’ ஆனதும் அது பொதிக் குதிரையானது. அதோடு விட்டதா? கூரைமேலும் ஏறிவிட்டது! சுமப்பதெல்லாம் ஒன்றுதானே என்று, கூரை தாங்கும் கைமரத்துக்கும் ரோமர்கள் அதே பெயரை வைத்தார்கள். சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் விட்ருவியஸ் எழுதிய கட்டடக்கலை நூலில் கைமரத்துக்கு இதுதான் பெயர். பிறகு பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்குப் போய், பீப்பாய் வைக்கும் மரத்தாங்கியாகிக் கொஞ்சக் காலம் ஓய்வெடுத்தது. அங்கிருந்துதான் இந்த இரும்பு அவதாரம். அகராதிகள் பெரும்பாலும் காட்டும் வழி இது.

சித்திரக்காரர் படம் சாய்த்து வைக்கும் ஈசலும் கழுதைதான், தெரியுமா? ஒல்லாந்த மொழியில் ‘ஏசல்’ என்றால் கழுதை. (விலங்கு விஷயத்தில் இந்த ஒல்லாந்தரை அவ்வளவாக நம்பவும் முடியாது! கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்தில் திரிந்த நரிகளை ஓநாய் என்று நினைத்து, அந்த இடத்துக்கே ‘ஓநாய்ப் பள்ளத்தாக்கு’ என்று பெயரிட்டவர்கள். 1757இல் அவர்கள் திறந்த வுல்வெண்டால் தேவாலயம் அந்தப் பெயரோடு இன்றும் நிற்கிறது.) பிரெஞ்சுக்காரர் உத்தரத்தைச் சொல்லும் ‘பூத்ர்’ முன்பு இளம் பெண்குதிரை!

நாம் மட்டும் என்ன? வீணையில் தந்திகளைத் தாங்கும் துண்டுக்குப் பெயர் குதிரைதானே!

ஆனாலும் தமிழில் எனக்குப் பிடித்தது வேறொரு சொல். தலைச்சுமையோடு நடப்பவர் யார் துணையுமின்றி இறக்கிவைத்து இளைப்பாற, வழியோரம் நட்ட கல். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடுவது அந்தக் கால வழக்கம். நிமிர்ந்த கற்கள் இரண்டு, மேலே குறுக்காக ஒன்று. சுமைதாங்கி!

இப்போது திரும்பவும் துறைமுகத்தைப் பாருங்கள். நெட்டுக்குத்தாகக் கால்கள், மேலே குறுக்கே ஓர் உத்தரம். தண்டவாளத்தில் நகரும் சுமைதாங்கி!