ஜரிகையைக் கறுக்கும் வாயு எண்ணெய்க் கிணற்றுக்குள் வந்தது எப்படி?

ஆரணிப் பட்டின் வெள்ளி ஜரிகை பீரோவில் இருந்தே கறுத்துப்போவது ஏன்? முக்கியக் காரணம், காற்றில் துளியளவு கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம் வீசும் வாயு. எண்ணெய் வயல்களுக்கும் இதுதான் தலைவலி.

மும்பை ஹை போன்ற கடல் வயல்களில், எண்ணெயை மேலே தள்ளக் கடல்நீரை உள்ளே செலுத்துகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 2.7 கிராம் சல்ஃபேட் உண்டு. நாம் ஆக்ஸிஜனைச் சுவாசிப்பதுபோல, அடியில் உள்ள நுண்ணுயிரிகள் சல்ஃபேட்டை எடுத்துக்கொண்டு இந்த வாயுவை வெளியே விடுகின்றன. சூட்டில் செத்துடாதா? சிலவற்றுக்கு 60, 70 டிகிரிதான் சுகம்!

குழாய் அரிப்பதை விடுங்கள். 100 பிபிஎம் அளவில் மூக்கு மரத்துவிடும். வாயு போயிடுச்சுன்னு நினைக்கும் தொழிலாளி, அளவு 500ஐத் தாண்டினால் சில நிமிடங்களில் சாய்ந்துவிடலாம்.

கிருமிக்கொல்லி ஊற்றினால் பாறைக்குள் ஆழத்தில் இருப்பவை தப்பிவிடும். நார்வேயின் வெஸ்லெஃப்ரிக், குல்ஃபாக்ஸ் வயல்களில் 1999இல் அதற்குப் பதிலாக நைட்ரேட் கலந்தார்கள். நைட்ரேட்டைச் சுவாசிக்கும் வேறு பாக்டீரியாக்கள் பெருகி, சாப்பாட்டைப் பிடுங்கிக்கொண்டன. ஆனால் சூடு அதிகமானால் இவற்றில் பல தாக்குப்பிடிக்காது. அதனால் சில வயல்களில் சல்ஃபேட்டை வடிகட்டிய பிறகே கடல்நீரை உள்ளே விடுகிறார்கள்.