கடைத்தெருப் பூசைக் கடை விடைபெறுகிறது

தைப்பூசத் திருநாள் நெருங்கிவிட்டால் பினாங்கு வாழ் பக்தப் பெருமக்களின் மனம் தண்ணீர்மலையை நாடும். கால்களோ முதலில் கடைத்தெருவைத்தான் நாடும். கற்பூரம், சாம்பிராணி, பால்குடத்திற்குச் செம்பு, மஞ்சள் துணி, காவடிக்கு மயிலிறகு என வேண்டியவை அனைத்தும் அங்கேதான். அவ்வீதியில் நம் ஆலயத்திற்கு இரு தலைமுறைகளாகப் பூசைப் பொருள்களை வழங்கி வந்த சிறிய கடையொன்று, இவ்வாண்டுத் தைப்பூசத்தோடு தன் கதவுகளை மூடவிருக்கிறது. விளம்பரத்தை விரும்பாத அதன் உரிமையாளர், தம் பெயரை எழுத வேண்டாமெனக் கேட்டுக்கொண்டார். ஆகவே, எல்லாரும் அழைப்பது போல் முதலாளி என்றே குறிப்பிடுகிறேன்.

1970களின் பிற்பகுதியில், பாட்டியின் விரலைப் பிடித்துக்கொண்டு அக்கடைக்கு முதன்முதலாகச் சென்றேன். அஞ்சடியில் கால் வைக்கும்போதே சாம்பிராணி வாசம் எதிர்கொண்டு அழைக்கும். அப்போது வெல்லமும் பச்சரிசியும் கட்டிக் கணக்கில்தான் நிறுக்கப்பட்டன. ஒரு கட்டி ஏறத்தாழ 600 கிராம். பணப்பெட்டி கிடையாது. மேலிருந்து கயிற்றில் தொங்கும் மைலோ டின்னை இழுத்துக் காசைப் போட்டுவிட்டால், அது தானே மேலேறிக்கொள்ளும். அதை வேடிக்கை பார்ப்பதற்காகவே நான் பாட்டியுடன் சென்றதுண்டு.

“எரிந்த பிறகு தட்டில் கரி மிஞ்சினால் திருப்பிக் கொண்டுவாங்க, ஆத்தா” என்று சொல்லித்தான் முதலாளியின் தந்தையார் கற்பூரம் கொடுப்பார். பாட்டி ஒருநாளும் திருப்பிக் கொண்டு சென்றதில்லை. இன்று பத்து வகைக் கற்பூரம் பளபளக்கும் உறைகளில் கிடைக்கிறது. தட்டுகளைத் துலக்கும் நம் ஆலயப் பணியாளரைக் கேட்டால் அவற்றின் தரத்தைச் சொல்வார்.

பழைய கடைவீடுகளின் வாடகையைக் கட்டுப்படுத்திய சட்டம் நீக்கப்பட்டதால், 2000ஆம் ஆண்டு பிறந்ததும் ஜார்ஜ் டவுனில் வாடகை பெரிதும் உயர்ந்தது. வணிகர் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது நமக்கெல்லாம் பெருமையே. “பெருமைக்கும் வாடகை உண்டு, தம்பி” என்று முதலாளி சிரிப்பார். 2021ஆம் ஆண்டுத் தைப்பூசம் பெருந்தொற்றினால் காவடியும் பால்குடமும் இன்றிக் கழிந்தபோது, தருவித்த சரக்கு முழுவதும் தேங்கியது. பிள்ளைகள் வேறு தொழில்களில் இருக்கின்றனர். முதலாளிக்கோ முழங்கால் ஒத்துழைக்கவில்லை.

இவ்விடத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 1998இல் நாணய நெருக்கடியால் வெள்ளியின் மதிப்பு வீழ்ந்து, இந்தியாவிலிருந்து வரும் சரக்குகளின் விலை ஏறியிருந்த நேரம். நம் ஆலயத்தின் தண்ணீர்ப் பந்தலுக்கு நன்கொடை போதவில்லை. முதலாளி கேள்வி கேட்காமல் சர்க்கரை, பருப்பு, நெய் முதலியவற்றை ஏற்றி அனுப்பி, 555 புத்தகத்தில் எழுதிக்கொண்டார். மூட்டைகளை இறக்கிய இளைஞர்களில் நானும் ஒருவன். மறுமாதமே நிர்வாகம் மாறியது. புதிய நிர்வாகம், ரசீது இல்லாத கணக்கை ஏற்க மறுத்தது. ஆயிரம் வெள்ளிக்கும் மேற்பட்ட அத்தொகை அப்படியே நின்றுபோயிற்று. உண்மை அறிந்திருந்தும் நான் அன்று வாய் திறக்கவில்லை. அவர் அடுத்த ஆண்டும் வழக்கம்போல் சரக்கு அனுப்பினார்.

கடை மூடப்படும் செய்தி கேட்டதும் இதனைச் செயற்குழுவின் முன் வைத்தேன். ஒரு மணி நேர விவாதத்திற்குப் பின் ஒப்புதல் கிடைத்தது. பணத்துடன் சென்றபோது, வேண்டாமென்று மறுப்பாரோ என அஞ்சினேன். அவர் மறுக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை அணிந்து, இருமுறை எண்ணிப் பார்த்து, பழைய 555 புத்தகத்தைத் தேடியெடுத்து அப்பக்கத்தில் கோடிட்டார். பின்னர் ரசீது எழுதி, “இதைக் கோப்பில் வையுங்க. அடுத்த நிர்வாகம் கேட்கும்” என்றார். எனக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

தந்தையார் காலத்துப் பித்தளைத் தராசை நம் ஆலய மடைப்பள்ளிக்கு அளித்திருக்கிறார். அடுத்த ஆண்டு பொருள்களை எங்கே வாங்குவது என்பதை நிர்வாகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

கோயில் வீட்டிலிருந்து வெள்ளி இரதம் புறப்படும் நாள்வரை கடை திறந்திருக்கும். அந்த 555 புத்தகத்தில் கோடிடப்படாத பக்கங்கள் இன்னும் சில இருக்கக் கண்டேன். பெயர்களை நான் படிக்கவில்லை. பாக்கி இருப்பதாக நினைவுள்ள குடும்பத்தாரும் ஆலயத்தாரும் அதற்குள் ஒருமுறை சென்று வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

— ஆலயச் செயலாளர்