சிறு நீராவிப் பொறி

வீட்டுப் பட்டறையில் நீராவிப் பொறியின் சிற்றுருவைச் செய்யப் புகுவோமாயின், ஆடும் உருளைப் பொறியே நமக்கு முதற்கண் ஏற்றதாம். பித்தளை உருளையின் ஒரு பக்கத்தைத் தட்டையாகத் தேய்த்து, நிலைத்த தகடொன்றின்மீது சுருள்வில்லால் அழுந்த நிறுத்துவோம். உருளையில் ஒரு துளையும் தகட்டில் இரு துளைகளும் உள. ஒருபுறம் உருளை சாயுங்கால் ஆவி உட்புகுந்து பிஸ்டனைத் தள்ளும். கனத்த சக்கரத்தின் வேகத்தால் மறுபுறம் சாயுங்கால் அவ்வாவி வெளியேறும். வேறு திறப்பு வேண்டுவதில்லை.

கொதிகலத்திலோ நம் கவனம் மிகுதியும் வேண்டும். நீர் ஆவியாகுங்கால், சாதாரணக் காற்றழுத்தத்தில், ஏறக்குறைய 1,600 மடங்கு விரியும். அவ்விரிவை அடைத்துவைக்கும் கலம் சிதறின் உயிர்க்கே கேடாம். ஆதலின் அதனைச் செம்பினாற் செய்து, வெள்ளிப் பற்றாசால் இணைத்தல் வேண்டும். ஈயப்பற்று, நீர் வற்றியவிடத்து உருகிவிடும். காப்பு வால்வு இன்றியமையாதது. தீ மூட்டுமுன் கலம் நிறையத் தண்ணீர் பெய்து, வேலையழுத்தத்தின் இருமடங்கில் சோதித்தல் மரபு. தண்ணீர் பெரும்பாலும் அமுங்காமையின், கலம் பிளப்பினும் நீர் கசியுமேயன்றிச் சிதறி வெடியாது.

சிற்றுருவுக்கு இயல்பான குறையொன்றுண்டு. நீள அகல உயரங்களைப் பாதியாக்கினால் கொள்ளளவு எட்டிலொன்றாகும். மேற்பரப்போ நான்கிலொன்றாகவே நிற்கும். ஆகவே சிறிய உருளை விரைவிற் குளிர்ந்து ஆவியை வீணாக்கும். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்து நியூகொமன் பொறிச் சிற்றுருவை 1763-64-இல் செப்பனிட்ட ஜேம்ஸ் வாட், இவ்வீண்செலவைக் கண்டு ஆராய்ந்தார். 1765-இல், ஆவியைத் தனிக்கலத்திற் குளிர்விக்கும் உபாயத்தைத் தெளிந்தார். தொழிலுலகை மாற்றிய எண்ணத்துக்கு 2 அங்குலக் குறுக்களவுள்ள உருளையொன்று வித்தாயிற்று. சிறு பொறியை விளையாட்டென்று நாம் இகழாதிருப்போமாக.