பேயைவிடப் பயங்கரம் தனிமை

சொந்த ஊர் எங்கோ தெற்கே. பட்டணத்தில் ஒரு சிறு வீடு. மனைவியின் மூச்சு அடங்கிவிட்டது. பக்கத்தில் கணவர் மட்டுமே. கூடி அழ ஓர் உறவினர் இல்லை.

புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' சிறுகதை இப்படித்தான் தொடங்குகிறது. 1943ஆம் ஆண்டு 'கலைமகள்' இதழில் வெளிவந்த கதை இது. ஜவுளிக்கடைச் சிப்பந்தியான பிரமநாயகம் பிள்ளை கதறி அழுவதில்லை. நோயாளிக்குச் செய்துவந்த பணிவிடையை அப்படியே சடலத்துக்கும் செய்கிறார். படிப்பவருக்கு உடல் சிலிர்ப்பது அங்கேதான்.

அதே ஆண்டு வெளியான அவரது 'காஞ்சனை'யில், பிச்சைக்காரியாக வந்தவள் வேலைக்காரியாகத் தங்குகிறாள். அவள் பேயா, எழுத்தாளரின் பிரமையா என்பது கடைசிவரை விளங்குவதில்லை. 'செல்லம்மா'ளிலோ பேயே கிடையாது. ஆயினும் அதிகம் கலங்க வைப்பது அதுவே.

பிரிவின் வேதனை புதுமைப்பித்தனுக்குப் புதிதல்ல. பிழைப்புக்காக மனைவி கமலாவைப் பிரிந்திருந்தபோது எழுதிய கடிதங்கள் 'கண்மணி கமலாவுக்கு' என்ற நூலாக வந்துள்ளன. 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் காசநோயால் அவர் காலமானபோது வயது 42.

துவாரகாவின் அடுக்குமாடி வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இக்கதை அன்னியமல்ல. டில்லியிலிருந்து சென்னைக்கே ரயில் பாதை ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். உறவினர் வந்து சேரும்வரை துணைக்கு இருக்கப் போகிறவர் எதிர்வீட்டுக்காரர்தான். அவர் பெயரையாவது இன்று மாலை கேட்டு வைத்துக்கொள்ளலாம்.