காசு வெட்டிப் போட்டால் வரும் உண்மை, கருவி மாட்டினால் வருமா?

ஆத்தங்குடியில் ஒரு பெரிய வீடு. கற்பனைக்குத்தான், எந்த வீட்டையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. வருடத்தில் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்காக எல்லோரும் வந்து இறங்குகிறார்கள். சாமான் அறையைத் திறந்தால், பாட்டி காலத்து வெள்ளிக் குத்துவிளக்கு இரண்டைக் காணோம்.

முதல் கேள்வி யாரிடம் போகும்? வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம்தான்.

"உனக்குத் தெரியாம எப்படிப்பா போகும்?"

"சத்தியமா எனக்குத் தெரியாது ஆச்சி."

சொல்லும்போதே அவருக்கு நாக்கு வறள்கிறது. கை நடுங்குகிறது. கூட்டத்தில் ஒருவர் சட்டென்று சொல்லிவிடுகிறார்: "பாருங்க, கை நடுங்குது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க?"

குற்றமில்லாத நெஞ்சும் குறுகுறுக்கும் என்பதுதான் இங்கே சிக்கல். நாற்பது வருட நல்ல பெயர் ஒரு நிமிடத்தில் போகப்போகிறது என்று தெரிந்தால் யாருக்குத்தான் கை நடுங்காது? திருடியவனின் பயமும் திருடாதவனின் பயமும் உடம்பில் ஒரே மாதிரிதான் தெரியும். தடயவியல் உளவியல் என்ற துறை நூறு வருடங்களுக்கும் மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருப்பது இந்த முடிச்சோடுதான். சாட்சியின் நினைவை எவ்வளவு நம்பலாம், சந்தேக நபரிடம் எப்படிக் கேள்வி கேட்க வேண்டும், குற்றம் செய்தவரின் மனநிலை எப்படி இருந்தது, பாதிக்கப்பட்ட குழந்தையிடம் எப்படிப் பேச வேண்டும் என்பதையெல்லாம் ஆராய்ந்து நீதிமன்றத்துக்கு உதவும் துறை இது.

கருவி வருவதற்கு முன்பே நம்மிடம் வழிகள் இருந்தன. சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்வது இன்றும் கிராமங்களில் உண்டு. சந்தேகப்பட்டவர்களிடம் அரிசியைக் கொடுத்து மென்று துப்பச் சொல்லும் சோதனையைப் பழைய நீதி நூல்கள் பேசுகின்றன. பயந்தவனுக்கு உமிழ்நீர் சுரக்காது, அரிசி காய்ந்தபடியே வெளியே வரும் என்பது கணக்கு. உடம்பை வைத்து மனதைப் படிக்கும் முயற்சி என்று பார்த்தால், இன்றைய பொய் கண்டறியும் கருவிக்கு இது பாட்டன்.

சிவகங்கைச் சீமைக்கு என்றே ஒரு வழி இருக்கிறது. சிவகங்கையிலிருந்து தொண்டி போகும் சாலையில் காளையார்கோவிலுக்கு முன்பே வருகிறது கொல்லங்குடி. அங்குள்ள வெட்டுடையார் காளியம்மன் கோயிலில், அநியாயம் இழைக்கப்பட்டதாக நினைப்பவர்கள் காசை வெட்டிப் போட்டு அம்மனிடம் முறையிடுகிறார்கள். திருப்புவனம் பக்கத்திலுள்ள மடப்புரம் காளி கோயிலிலும் இந்த வழக்கம் உண்டு. 'காசு வெட்டிப் போட்டுட்டாங்களாம்' என்ற செய்தி காதில் விழுந்ததும் எடுத்த பொருளை ரகசியமாகத் திரும்ப வைத்துவிட்டுப் போனவர்களின் கதைகளை இந்தப் பக்கம் நிறையவே கேட்கலாம். அம்மன் மேல் நம்பிக்கை இருக்கும் இடத்தில் அந்தப் பயம் வேலை செய்கிறது.

அந்த அம்மன் பெயருக்குப் பின்னாலும் ஒரு விசாரணைக் கதை இருக்கிறது. 1772-ல் காளையார்கோவிலில் மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பிறகு, ராணி வேலுநாச்சியார் தப்பிச் செல்கிறார். துரத்தி வந்த படையினர் உடையாள் என்ற பெண்ணிடம் 'ராணி போன வழி எது?' என்று கேட்கிறார்கள். தெரிந்தும் அவள் வாய் திறக்கவில்லை. வெட்டிச் சாய்த்துவிடுகிறார்கள். அவள்தான் வெட்டுடையாளாகத் தெய்வமானாள் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. விசாரிப்பவர் முன்னால் பேசாமல் இருக்க ஒருவருக்கு உரிமை உண்டா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் வெகு காலம் கழித்து விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கருவி எதை அளக்கிறது?

பாலிகிராஃப் எனப்படும் பொய் கண்டறியும் கருவியை 1921-ல் அமெரிக்காவின் பெர்க்லி நகரக் காவல்துறையில் இருந்த ஜான் லார்சன் உருவாக்கினார். மூச்சு, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைப் பதிவு செய்யும் கருவி அது. பின்னால் தோலில் வியர்வையால் ஏற்படும் மாற்றமும் சேர்ந்துகொண்டது. 'பொய்' என்று எழுதிய முள் எதுவும் அதில் கிடையாது. படபடப்பை மட்டுமே அது அளக்கிறது. அது பொய்யால் வந்ததா, பயத்தால் வந்ததா, அவமானத்தால் வந்ததா என்பதை மனிதர்தான் ஊகிக்க வேண்டும். நம் ஆத்தங்குடிப் பெரியவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்தால் கோடு எகிறத்தான் செய்யும். கருவி பயன்படுத்தப்பட்ட விதத்தைப் பிற்காலத்தில் லார்சனே கடுமையாக விமர்சித்தார். அமெரிக்காவில் பெரும்பாலான தனியார் முதலாளிகள் ஊழியர்களுக்கு இந்தச் சோதனை வைப்பதை 1988-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள்.

இந்தியாவில் இதோடு 'நார்கோ'வும் 'பிரெயின் மேப்பிங்'கும் சேர்ந்துகொண்டன. சோடியம் பென்டதால் என்ற மருந்தை ஏற்றி, அரை மயக்கத்தில் பேச வைப்பது நார்கோ. அந்த மயக்கத்தில் உண்மையோடு கற்பனையும் கலந்து வரும். கேட்பவர் எடுத்துக்கொடுப்பதற்கெல்லாம் தலையாட்டவும் வாய்ப்புண்டு. ஆனாலும் 2000-களில் தொலைக்காட்சிகள் இதை 'உண்மை வெளிவரும் ஊசி' போலவே காட்டிக்கொண்டிருந்தன.

2010 மே 5. 'செல்வி எதிர் கர்நாடக அரசு' வழக்கில் தலைமை நீதிபதி கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையிலான மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. இந்த மூன்று சோதனைகளில் எதையும் ஒருவரின் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவுக்கும், தனிமனித சுதந்திரம் பற்றிய 21-வது பிரிவுக்கும் அது எதிரானது. சம்மதித்தே சோதனை நடந்தாலும் அதன் முடிவை நேரடிச் சான்றாக ஏற்க முடியாது. அதன் மூலம் ஒரு பொருளோ தகவலோ புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டால், அதை மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். கட்டாய நார்கோ கூடாது என்பதை 2025-ல் பீகார் வழக்கு ஒன்றிலும் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ராமஜெயம் வழக்கு நினைவிருக்கும். கே.என்.நேருவின் தம்பி ராமஜெயம் 2012 மார்ச் 29 அன்று திருச்சியில் கொலை செய்யப்பட்டார். பத்து வருடங்களுக்கு மேல் ஆன நிலையில், 2023 ஜனவரியில், நீதிமன்ற அனுமதியோடும் சம்மதத்தோடும் 12 பேருக்குச் சென்னையில் உண்மை கண்டறியும் சோதனை நடந்தது. நாளிதழ்களில் நாள்தோறும் செய்தி வந்தது. சோதனை முடிந்தது, வழக்கு முடியவில்லை.

சம்மதம் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காவல் நிலைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஏழை ஒருவர் 'சரிங்க ஐயா' என்று சொல்வது சம்மதமா? தேசிய மனித உரிமை ஆணையம் 2000-ல் கொடுத்த வழிகாட்டுதல்களை உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது இதனால்தான். வழக்கறிஞரோடு பேச வாய்ப்பு தர வேண்டும். சோதனையின் விளைவுகளை விளக்க வேண்டும். மாஜிஸ்திரேட் முன்னிலையில் சம்மதத்தைப் பதிவு செய்ய வேண்டும். தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. 'மாட்டேன்' என்று சொல்லலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

கேட்கும் விதத்தில் இருக்கிறது எல்லாம்

இந்தத் துறை உலகத்துக்குச் செய்த பெரிய உதவி எந்தக் கருவியும் அல்ல. கேள்வி கேட்கும் முறையை அது மாற்றியதுதான்.

ஆத்தங்குடிக் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு, கண்ணாடியைப் பிரித்தால் பளபளக்கும் தரைக்கல். அந்தத் தரையில் முப்பது வருடம் நடந்தவரிடம் 'அந்தப் பூவுக்கு எத்தனை இதழ்?' என்று கேளுங்கள். விழிப்பார். 'எட்டு இதழ்தானே?' என்று கேளுங்கள். 'ஆமா, எட்டுதான்' என்று சொல்லிவிடக்கூடும். அவர் பொய் சொல்லவில்லை. கேள்வியே பதிலைக் கொடுத்துவிட்டது.

1974-ல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் இதைச் சோதித்தார்கள். கார் விபத்துப் படத்தைப் போட்டுக் காட்டி, 'கார்கள் முட்டியபோது என்ன வேகம்?' என்று சிலரிடமும், 'நொறுங்க மோதியபோது என்ன வேகம்?' என்று சிலரிடமும் கேட்டார்கள். முதல் சொல்லுக்குச் சராசரியாக மணிக்கு 34 மைல் என்று பதில் வந்தது. இரண்டாவது சொல்லுக்கு ஏறத்தாழ 41. இன்னொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து 'உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா?' என்று கேட்டபோது, 'நொறுங்க' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். 'முட்டிய' என்று கேட்கப்பட்ட 50 பேரில் 7 பேர். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது.

அமெரிக்காவில் டிஎன்ஏ சோதனையால் நிரபராதி என்று நிரூபணமாகி வெளியே வந்தவர்களின் வழக்குகளில், ஏறத்தாழ பத்தில் ஏழில், யாரோ ஒரு சாட்சி ஆளை மாற்றி அடையாளம் காட்டியிருந்தார்.

அடித்துக் கேட்டால் இன்னும் மோசம். பிரிட்டனில் 1974 குண்டுவெடிப்பு வழக்கில் தண்டிக்கப்பட்ட 'பர்மிங்காம் ஆறு பேர்' 1991-ல்தான் விடுதலையானார்கள். பதினாறு வருடம் சிறை. அவர்களில் நால்வர் காவல்துறையிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்தே போட்டிருந்தார்கள். இப்படிப்பட்ட வழக்குகள் சந்தி சிரித்த பிறகு, 1990-களின் தொடக்கத்தில் அங்கே உளவியலாளர்களின் உதவியோடு விசாரணை முறையையே மாற்றினார்கள். 'ஒப்புக்கொள்' என்று நெருக்காமல், 'அன்றைக்குக் காலையிலிருந்து என்ன நடந்தது, சொல்லுங்கள்' என்று தொடங்கி, குறுக்கிடாமல் கேட்டு, சொன்னதைத் தடயங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பது புதிய முறை. பொய் சொல்பவர் விவரம் சொல்லச் சொல்ல மாட்டிக்கொள்வார். நிரபராதி சொல்லும் விவரங்கள் அவரைக் காப்பாற்றும். நடுக்கத்துக்கு இங்கே மதிப்பெண் இல்லை.

இது நமக்குத் தூரத்து விஷயமா? 2025 ஜூனில், காசு வெட்டிப் போடும் அதே மடப்புரம் கோயிலில், காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று ஒரு புகார் எழுந்தது. கோயிலில் காவலாளியாக இருந்த 27 வயது இளைஞரைப் போலீஸார் விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள். ஜூன் 28 அன்று அவர் இறந்தார். உடலில் 40-க்கும் மேற்பட்ட காயங்கள் இருந்ததாகப் பிரேதப் பரிசோதனை சொன்னது. காவலர்கள் கைது செய்யப்பட்டார்கள், வழக்கு சிபிஐ வசம் போனது. அந்த இளைஞரின் அம்மாவுக்கு இதில் எதுவும் மகனைத் திருப்பித் தராது. காவலரிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நீதிமன்றத்தில் செல்லாது என்று இந்தியச் சட்டம் நூற்றைம்பது வருடமாகச் சொல்லிவருகிறது. அப்படியிருந்தும் ஒப்புதலுக்காக ஓர் உயிரை உருக்குலைப்பதில் எந்தத் துப்பறியும் அறிவும் இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் சட்டம் உளவியலைக் கொஞ்சம் நன்றாகவே கேட்டுக்கொண்டிருக்கிறது. 2012 போக்சோ சட்டப்படி, குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் வழக்கறிஞர் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குற்றவாளியின் முகம் குழந்தையின் கண்ணில் படக் கூடாது. வீட்டில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குழந்தை ஏதாவது சொன்னால் பதறிப்போய், 'அந்த மாமா இங்கே தொட்டாரா, அங்கே தொட்டாரா' என்று அடுக்கடுக்காகக் கேட்காதீர்கள். 'அப்புறம் என்ன ஆச்சும்மா?' என்று மட்டும் கேளுங்கள். அந்த வார்த்தைகள் குழந்தையுடையவையாகவே இருந்தால்தான் நாளைக்கு நீதிமன்றத்தில் நிற்கும்.

மனநிலை சரியில்லாதவர் செய்த குற்றம் பற்றி ஒரு வார்த்தை. 'கீழ்ப்பாக்கம்' என்று சொல்லித் தப்பித்துவிடலாம் என்பது சினிமாக் கதை. 1794-ல் தொடங்கிய பழமை கொண்ட அந்த மருத்துவமனைக்கும் இந்தக் கேலி நியாயமில்லை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 22-வது பிரிவு (பழைய இபிகோ 84) கேட்பது கடினமான நிரூபணம். செய்யும் அந்த நேரத்தில், செய்வது என்னவென்றோ அது தவறென்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்திருக்க வேண்டும். நோய் இருந்தது என்ற சீட்டு மட்டும் போதாது.

பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தத் துறையைத் தேடும் பிள்ளைகள் முதலில் உளவியலில் இளநிலைப் பட்டம் முடிக்கலாம். குஜராத்தின் காந்திநகரில் உள்ள தேசியத் தடய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தடயவியல் உளவியலுக்கென்றே முதுநிலைப் படிப்பு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் படிக்கலாம். வெப் சீரிஸில் வருவது போல முகத்தைப் பார்த்தே கொலைகாரனைச் சொல்லும் வேலை இது என்று நினைத்து மட்டும் போக வேண்டாம். அறிக்கை எழுதுவதும், மணிக்கணக்கில் பொறுமையாகக் கேட்பதும், குறுக்கு விசாரணையில் நிற்பதும்தான் பெரும்பாலும்.

யாராவது உங்களையோ, உங்கள் வீட்டில் வேலை செய்பவரையோ உண்மை கண்டறியும் சோதனைக்கு வரச் சொன்னால், மறுக்கலாம். ஒப்புக்கொள்வதாக இருந்தால், வழக்கறிஞரிடம் பேசிய பிறகு, மாஜிஸ்திரேட் முன்னால் மட்டுமே ஒப்புக்கொள்ளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்; இலவச உதவி எண் 15100. குழந்தைகளுக்கான உதவிக்கு 1098.