துடித்த வால்

கொட்டகலையில் மூடுபனி விலகக் காலை ஒன்பது மணியாகிவிடுவதுண்டு. பனி விலகிய பின்னும், பிற்பகல் மழை தொடங்குமுன்னும் கிடைக்கும் சிறு இடைவேளையிலேதான் நம் அயலிலுள்ள மாணவர் சிலர் தாம் செய்த மாதிரி விமானத்தைப் பறக்கவிடுவர். ஒரு ஞாயிறன்று நாமும் வேடிக்கை பார்க்கச் சென்றிருந்தோம். விமானம் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றித் தேயிலை மலைக்கு மேலே சென்றது. அங்கே அதன் வால் இருமுறை வெடுக்கென்று துடித்தது. அடுத்த கணம் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு செடிகளினுள் வீழ்ந்தது. நல்லவேளையாக அன்று அந்த மலையில் கொழுந்து எடுப்போர் எவரும் இல்லை. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொருள், சுழலும் விசிறியுடன் ஒருவர் தலைமேல் வீழ்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

“அந்தத் டவர்தான் ஐயா இழுத்து விழுத்தியது” என்றான் ஒரு பையன், எதிர்க்குன்றில் நின்ற கைத்தொலைபேசிக் கோபுரத்தைச் சுட்டிக்காட்டி. மற்றொருவன் உயர்மின்னழுத்தக் கம்பிகளைக் குற்றஞ்சாட்டினான். கண்ணுக்குத் தெரியாத வானலையின் மீது பழிபோடுவது எவர்க்கும் எளிது. ஆனால் பழி பொருந்துமா என்று பார்த்தல் வேண்டுமல்லவா?

வானலையால் ஓர் ஊர்தியைத் தொலைவிலிருந்து செலுத்தும் வித்தை புதிதன்று. 1898-ஆம் ஆண்டிலே நிக்கோலா டெஸ்லா என்னும் விஞ்ஞானி நியூயோர்க் நகரத்துக் கண்காட்சியொன்றில் சிறு படகொன்றைத் தொடாமலே ஓட்டிக்காட்டினார். இன்றைய மாதிரி விமானத்திலே, கையிலுள்ள அலைசெலுத்தி அனுப்பும் கட்டளையை விமானத்திலுள்ள அலைவாங்கி பெற்று, ‘சேர்வோ’ எனப்படும் சிறு இயந்திரங்களுக்குப் பகிர்ந்தளிக்கிறது. சேர்வோவினுள்ளே ஒரு குட்டி மோட்டார், சில பற்சக்கரங்கள், ஒரு மாறுதடை ஆகியன உள்ளன. செக்கனுக்கு ஏறக்குறைய ஐம்பது முறை ஒரு மின்துடிப்பு வந்து சேரும். அது ஆயிரத்திலொரு செக்கன் நீடித்தால் கை ஒரு கோடிக்குத் திரும்பும்; அதைப்போல் இருமடங்கு நீடித்தால் மறுகோடிக்குத் திரும்பும். கை எங்கே நிற்கிறது என்பதை அறிவிப்பது அந்த மாறுதடையே. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக.

முன்னாளில் 27, 35, 72 மெகாஹேட்ஸ் போன்ற மீடிறன்களில் இக்கருவிகள் இயங்கின. அக்காலத்தில் வானலைக் குழப்பம் மெய்யாகவே பெரிய தொல்லைதான். சிற்றலை வானொலி கேட்டு வளர்ந்தோர்க்கு, அருகிலே மோட்டார் ஓடினாலும் மின்னல் வெட்டினாலும் பெட்டி கரகரத்தது நினைவிருக்கும். அதே கரகரப்பு விமானத்தின் சுக்கானிலே துடிப்பாகத் தோன்றும். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே வேளையில் செலுத்தினால் விமானம் போனதுதான்.

இன்று பெரும்பாலோர் கையாளும் 2.4 கிகாஹேட்ஸ் கருவிகள் வேறுவகையின. ஒவ்வொரு கட்டளையும் தன் அலைசெலுத்தியின் அடையாளத்தைத் தாங்கி வருகிறது. பழுதுற்ற கட்டளையை அலைவாங்கி தள்ளிவிடும். கட்டளையே வராதபோது முன்நிலையில் நிற்கும் அல்லது காப்புநிலைக்குச் செல்லும். ஆதலால் இக்கருவிகளில் வால் வெடுவெடுவென்று துடிப்பதற்கு வானலை காரணமாவது அரிது. கைத்தொலைபேசிக் கோபுரத்தின் மீடிறனும் வேறு. நம் மலைநாட்டில் 2.4 கிகாஹேட்ஸுக்கு மெய்யான பகை, இடையே வந்து மறைக்கும் குன்றும் மழையில் நனைந்த மரச்செறிவுமே. மூடுபனி அலையை அவ்வளவாகத் தடுப்பதில்லை. பறக்கவிடுபவரின் கண்ணைத்தான் தடுக்கும்!

நாம் மாணவரிடம் ஒரு கேள்வியே கேட்டோம். “துடித்தது வால் மட்டுமா, இறகு மடல்களுமா?” வால் மட்டும் என்றனர். அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. வானலையோ மின்வழங்கலோ கெட்டிருந்தால் எல்லாச் சேர்வோக்களும் ஒருங்கே தடுமாறியிருக்கும்.

இறகு ஒடிந்திருந்ததேயன்றிக் கருவிகள் பிழைத்திருந்தன. விசிறியைக் கழற்றிவிட்டு, அலைசெலுத்தியைக் குறைந்த வலுவில் வைத்து ஒருவன் முப்பது அடி எடுத்து நடந்தான். எல்லாம் ஒழுங்காக அசைந்தன. பின்னர் விசிறியைப் பூட்டி, ஒருவன் விமானத்தை இறுகப் பிடிக்க, மோட்டாரை ஓட்டினர். வால் துடித்தது. “மோட்டாரின் மின்குழப்பம்!” என்று கூவினர். அதுவும் நேர்வதுண்டு. சேர்வோ வயர் நீண்டு மோட்டார் வயரோடு ஒட்டிக் கிடந்தால் அவற்றை விலக்கி, பெரைற் வளையத்தில் சுற்றவேண்டும். தூரிகையுள்ள பழைய மோட்டாராயின் அதன் முனைகளில் சிறு கொள்ளளவி பற்றவைக்க வேண்டும்.

ஆயினும் அவசரப்படாமல், வாலின் சேர்வோ இணைப்பையும் இறகுச் சேர்வோ இணைப்பையும் அலைவாங்கியிலே இடம் மாற்றச் சொன்னோம். வேறொன்றையும் தொடவில்லை. மீண்டும் மோட்டார் ஓடியது. மீண்டும் துடித்தது அதே வால் சேர்வோதான். எந்த வழியில் கட்டளை பெற்றாலும் நோய் அதனோடேயே சென்றது. இறுதியாக மோட்டாரை நிறுத்தி, இயக்குகோலை மெல்ல மெல்ல நகர்த்தினோம். நடுவிடத்தைக் கடக்கும்போது மட்டும் வால் நடுங்கிற்று. விமானம் பெரும்பாலும் நேராகவே பறப்பதால் மாறுதடையின் நடுப்பகுதியே அதிகம் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் மோட்டாரின் அதிர்வு சேர்ந்ததும் தொடுகை அறுந்து, தன் கை எங்கே நிற்கிறதென்றே சேர்வோவுக்குத் தெரியாமற் போய்விட்டது. கோபுரம் குற்றமற்றது!

எல்லாச் சேர்வோக்களும் ஒருங்கே செயலிழந்து, சில செக்கன்களின் பின் உயிர்பெறுமாயின் வேறிடத்தில் தேடவேண்டும். பெரும்பாலும் பற்றரி தளர்ந்திருக்கும். அல்லது இறுகிப்போன ஒரு சேர்வோ மின்னோட்டத்தை அளவுக்குமீறி இழுக்க, மின்னழுத்தம் வீழ்ந்து அலைவாங்கி அணைந்து மீண்டும் விழித்திருக்கும். ஏரியலையும் பார்க்கவேண்டும். 2.4 கிகாஹேட்ஸ் ஏரியலின் நுனியில் உறையற்ற பகுதி ஏறத்தாழ 31 மில்லிமீற்றரே. அதை மடித்துப் பற்றரியின் கீழே திணிப்பவர் பலர். கரிநார் உடலுள்ள விமானமாயின் அந்நுனி வெளியே நீட்டியிருத்தல் இன்றியமையாதது.

புதிய சேர்வோ வருவதற்குள் மாணவர் இன்னொரு வேலையும் செய்தனர். அலை அறுந்தால் மோட்டார் தானே நின்றுவிடுமாறு காப்புநிலையை அமைத்து, அலைசெலுத்தியை அணைத்து அணைத்துச் சோதித்தனர். சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் விதிகளையும் தேடிப் படித்தனர். 2019 ஏப்ரலில் குண்டுவெடிப்புகளை அடுத்து ஆளில்லா விமானங்களுக்குத் தடை விதிக்கப்பட்டதை அவர்களுள் மூத்தவன் நினைவுகூர்ந்தான்.

இரண்டு வாரங்களின் பின் பனி விலகியது. முப்பது அடிச் சோதனை முடிந்தது. மலையில் எவரும் இல்லையென்று ஒருவன் மேட்டில் ஏறிப் பார்த்துக் கைகாட்டினான். விமானம் ஆறு நிமிடம் பறந்து, மழை தூறத் தொடங்குமுன் புல்லில் வந்திறங்கியது.